லென்சுக்கு வைத்த பொட்டு

அந்த லென்சைக் கெடுத்தவள் நான். பாண்டி அல்ல... நானேதான்!

உடனே என்னைப் பெரிய பாவியாகக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அருப்புக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். முகூர்த்த மாதங்களில் மூச்சுவிட நேரமில்லை. வேலை பிடித்திருக்கிறது, சோறு இறங்குகிறது. இருந்தும் இது ஒன்று உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கிறது.

கல்லூரிக் கடைசி வருடத்தில் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். சரவணன் இயக்குநர். பாண்டி ஒளிப்பதிவாளன். எனக்கு ஒலிப்பதிவு. நரிக்குடிக்காரனான பாண்டி, டீக்கடையில் நின்றால்கூட விரல்களைச் சட்டமாக மடக்கி, அதன் வழியே உலகத்தைப் பார்ப்பவன். அவன் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்... கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்!

படப்பிடிப்புக்கு முந்தின நாள், வீரசோழனில் தெரிந்தவரிடம் லென்ஸ் இரவல் வாங்கிப் பைக்கில் கொண்டுவந்தான். பாளையம்பட்டியில் எங்கள் வீடுதான் மறுநாள் ஏற வேண்டிய பஸ்ஸுக்குப் பக்கம். கல்லூரிக் கேமராவோடு சேர்த்து அதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான்.

எங்களுடையது தறிக்கார வீடு. புதிதாக எது வந்தாலும், தறியோ மிக்சியோ, சந்தனம் குங்குமம் வைக்காமல் வேலைக்கு எடுக்க மாட்டோம். நானும் விளக்கேற்றினேன். கண்ணாடியில் பொட்டு வைக்கக்கூடாது என்கிற அளவுக்கு அறிவு இருந்தது. லென்சைக் கழற்றித் திருப்பினேன்... பின்பக்க வளையத்தில் பொன்னிறப் புள்ளிகள் வரிசையாக மின்னின. பொட்டு வைப்பதற்கென்றே செய்த இடம் என்று நினைத்தேன்! வைத்துவிட்டு மறுபடி மாட்டினேன். கேமராவும் லென்சும் பேசிக்கொள்வதே அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் என்று ஒலிப்பதிவுக்காரிக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை, திருச்சுழிக்கு அப்பால் வறண்ட கண்மாய் ஒன்று. இரவில் அங்கே அடைத்திருந்த கிடை ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் எடுத்தாக வேண்டும். கேமராவை ஆன் செய்தால், லென்சையே காணோம் என்கிறது திரை! பேட்டரியை மாற்றினோம். கார்டை மாற்றினோம். பாண்டி லென்சைக் கழற்றிக் கண்ணாடியை ஊதி ஊதித் துடைத்தான்; பதற்றத்தில் அவன் பார்த்தது கண்ணாடியை மட்டுமே. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"பைக்குல குலுக்கியே கொன்னுட்டயேலே" என்றான் சரவணன்.

பாண்டி மறுக்கவில்லை. வரும் வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டது என்று அவனே ஒத்துக்கொண்டான்.

எனக்கு அப்போதுதான் அந்தப் பொட்டு நினைவுக்கு வந்தது. லென்சை வாங்கிக்கொண்டு கருவேல மரத்துக்குப் பின்னால் போனேன். புள்ளிகளின்மேல் சந்தனம் பொருக்காகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துப்பட்டாவால் துடைத்தேன். திரும்பி வந்து மாட்டியதும் கண்மாய் முழுவதும் திரையில் வந்து நின்றது!

என்னைத் தூக்கிக் கொண்டாடாத குறைதான். என்ன செய்தாய் என்று கேட்டார்கள். தூசி என்றேன். அப்போதே சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? சிரிப்பார்கள் என்ற பயமா? கைதட்டல் இனித்ததா? இனித்தது. மறைக்க மாட்டேன், மிகவும் இனித்தது.

பாண்டி கேமராவை என் கையில் வைத்தான்.

"நீயே எடு மீனா. என் கைக்கு ராசி இல்ல."

எடுத்தேன். நன்றாகவும் எடுத்தேன்! அதுவே தொழிலாயிற்று. பாண்டி இன்றும் என்னோடுதான் இருக்கிறான். விளக்குப் பிடிக்கிறான், வண்டி ஓட்டுகிறான், கல்யாண வீடுகளில் என் கைராசியைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறான். சந்தோஷமாகத்தான் இருக்கிறான். இத்தனை காலம் கழித்து அவனிடம் போய் என்னவென்று சொல்வேன்... சொன்னால் அந்தச் சந்தோஷம் என்னாகும்? இல்லை, என் சந்தோஷத்துக்காகத்தான் பயப்படுகிறேனா?

போன வாரம் அவன் மகள் வந்திருந்தாள். அப்பாதான் தன்னைப் படம் எடுக்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். நான் கேமராவை அவனிடம் நீட்டினேன். மனதார நீட்டினேன்! அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"அப்பா கை ஆகாது தாயி. அத்தை எடுப்பாக."

நான்தான் எடுத்தேன். அந்தப் படத்தில் குழந்தை என்னைப் பார்க்கவில்லை. அவன் கைகளைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.