கூழ் ஊற்றாத ஆடி

ஐந்தாம் வகுப்புப் பெண்கள் அத்தனை பேரையும் நான் கூழுக்கு அழைத்திருந்தேன். அழைத்தேன் என்பதைவிட மிரட்டினேன் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். வராதவளோடு ஆடி முடியும்வரை பேச்சு கிடையாது என்று சொல்லிவிட்டேன். அந்த வருடம் எங்கள் தெரு அம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டியவர் என் அப்பா. காப்புக் கட்டியவர் வீட்டில்தான் ஊருக்கெல்லாம் கூழ் காய்ச்சுவார்கள். வாசலில் நின்று சொம்புகளில் ஊற்றித் தருவது அந்த வீட்டுப் பெண்ணின் வேலை. எங்கள் வீட்டில் என்னை விட்டால் வேறு பெண் கிடையாது. மூன்று வயதில் ஒரு தம்பி இருந்தான், அவனுக்கு அகப்பை தூக்க வராது.

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் அநேகமாக எல்லோருமே தறிக்காரர்கள். ஆகவே அப்பா தறிக்காரர் என்பதில் எனக்குப் பெருமை ஒன்றும் இருந்ததில்லை. காப்பு அப்படியில்லை. அந்த மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிய நாளிலிருந்து அப்பா செருப்புப் போடவில்லை, வெளியில் கைநனைக்கவில்லை, முகச்சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. அவரை "இன்னாபா" என்று கூப்பிட்டவர்கள் "வாங்க" என்றார்கள். பல வருடம் காத்திருந்து அவருக்கு முறை வந்திருந்தது. அந்தக் கயிற்றில் பாதி எனக்கும் சொந்தம் என்கிற நினைப்பில் நான் தெருவில் நடந்தேன்.

ஒரே ஒரு குறை, அம்மா. அம்மாவின் முகம் முழுவதும் அம்மை வடு. பிறந்த ஊரான மாகறலில் சின்னப் பெண்ணாக இருந்தபோது வந்ததாம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் நான் கேட்டதுமில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் வெளி கேட்டோடு நின்றுவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தேன். அவளும் மறு பேச்சில்லாமல் அப்படியே நிற்பாள். கூழ் அன்றைக்கு அவளை அடுப்படியை விட்டு வெளியே வராதபடி பார்த்துக்கொண்டால் என் கூட்டாளிகள் கண்ணில் படமாட்டாள் என்றும் கணக்குப் போட்டிருந்தேன். இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. அன்று கூசவில்லை.

அந்த ஆடியில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. வாலாஜாபாத் பக்கம் பெரியம்மை கண்டிருக்கிறது என்று சந்தைக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். அந்தப் பெயரை எங்கள் தெருவில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்பதுதான் பேச்சு. வந்த வீட்டு நிலையில் ஒரு கொத்து வேப்பிலை செருகிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வாசலை வெளியாள் மிதிக்க மாட்டார். அந்த வீட்டிலிருந்து ஒரு பிடி உப்புகூட வெளியே போகாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை தெருவில் மேளச் சத்தம் இருக்காது. வேப்பிலை ஏறிவிட்டால் அதை எதிர்த்து யாரும் வாதாடி நான் பார்த்ததில்லை.

ஆனால் முனிசிபாலிட்டியின் சானிட்டரி இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து சொன்னதை வைத்து வாதாடத் தெருவே திரண்டது. அவர் சொன்னது இதுதான். எல்லோரும் அம்மைக்குக் குத்திக்கொள்ள வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் கண்டிருந்தாலும் கூழ் கூடாது, பம்பை கூடாது, வெளியூர் ஆள் வரக் கூடாது. யாருக்கும் இல்லையென்றால் திருவிழாவுக்குக் குறுக்கே நிற்கமாட்டார்.

ஒரு வாரம் சாயங்காலம் தவறாமல் கோயில் பந்தலடியில் சண்டை நடந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்த அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு கட்சியில் சேர்ந்தார்கள். வருடக்கணக்காக முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் ஒரே கட்சியில் சேர்ந்து தோளில் கைபோட்டுக்கொண்டார்கள். ஊசியைக் கண்டால் ஆத்தாளுக்குக் கோபம் வரும் என்றார் ஒருவர். ஊசியே ஆத்தாளின் சூலம்தான் என்றார் இன்னொருவர். நீளக் காம்பு போட்டு ஒரு அகப்பை செய்து, நடுத்தெருவில் நிற்கிறவர் சொம்பில் வாசலிலிருந்தே ஊற்றிவிடலாம் என்று சமாதானம் சொல்ல வந்தவரை இரண்டு கட்சியும் சேர்ந்து விரட்டின. வெளியூர் ஆள் என்றால் மாப்பிள்ளையும் சேர்த்தியா என்று ஒரு பெரியவர் தினமும் கேட்டார்.

கூழ் ஊற்றியே தீர வேண்டும் என்ற கட்சிக்கு அப்பாதான் தலைமை.

"ஆத்தாளுக்கு ஊத்தாம வுட்டா இன்னும் கோவந்தான் வரும். எங்க அப்பன் காலத்துல இன்னா ஊசி இருந்துது?"

எதிர்க்கட்சிக்கு எங்கள் தெருவில் குடியிருந்த பள்ளிக்கூடத்து வாத்தியார்.

"உங்க அப்பன் காலத்துல இந்தத் தெருவுல பாதி வூடு பூட்டிக் கெடந்துதுபா. அத்தையும் சேத்துச் சொல்லு."

அப்பா, காப்புக் கட்டிய வீட்டில் ரத்தம் வரக் கூடாது, கயிற்றை அவிழ்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஊசி என்று முடித்துவிட்டார். அதனால் தம்பிக்குக் குத்தவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போன அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினாள். நான் அப்பா கட்சி. வாத்தியாருக்குக் கூழ் தருவதில்லை என்று முடிவும் செய்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூழ். சனிக்கிழமை எங்கள் வீட்டுத் தாழ்வாரம் முழுக்க அண்டாக்கள், கரைத்து வைத்த கேழ்வரகு மாவின் புளித்த வாசனை. தம்பிக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். அன்று காலையில் அவன் முகத்திலும் கழுத்திலும் பொரிப்பொரியாக ஏதோ எழும்பியிருந்தது.

"வேர்க்குரு. ஆடியில இப்படிக் காய்ஞ்சா வேற இன்னா வரும்?" என்றார் அப்பா.

அம்மா தம்பியின் மூடிய கையை விரித்து அப்பாவிடம் நீட்டினாள். "உள்ளங்கையப் பாருங்க. வேர்க்குரு உள்ளங்கையில வருமா?"

அப்பா பார்க்கவில்லை. அண்டாவின் மூடியைச் சரிசெய்தார். "நாளைக்கி ஒரு பொழுது தாண்டட்டும். திங்கக்கெழம பாத்துக்கலாம்" என்றார். அம்மா அந்தக் கையை விரித்தபடியே பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. மாவில் உப்புப் போடவில்லை, வெங்காயம் உரிக்கவில்லை, இவள் வேர்க்குருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே என்று.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் கடைசி முறையாக வந்தார். பந்தலடியில் தெருவே கூடிவிட்டது. பம்பைக்காரர்கள் வந்து தோலை வெயிலில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அண்டாக்களைப் பார்க்க என் கூட்டாளிகள் நாலைந்து பேர் முன்கூட்டியே வந்திருந்தார்கள். அவர்களை வீட்டுக்குள் கூட்டிப்போவதற்கு முன், அப்பாவைக் காட்டலாம் என்று பந்தலுக்கு இழுத்துவந்திருந்தேன்.

"யார் வூட்லயாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் காப்புக் கட்டிய கையை உயர்த்தினார். "எங்க தெருவுல ஒரு வூட்லயும் இல்ல. இந்தக் கையால சொல்றேன்."

அதற்குமேல் யாரும் பேச முடியாது. வாத்தியாரே தலையைக் குனிந்துகொண்டார். பம்பை முழங்கத் தொடங்கியது. நான் கூட்டாளிகளின் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் இருந்ததாக ஞாபகமில்லை.

அப்போதுதான் அம்மா வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து, பந்தற்காலில் திருவிழாவுக்காகக் கட்டியிருந்த வேப்பிலைத் தோரணத்தில் ஒரு கொத்தை இழுத்து ஒடித்தாள். யாரையும் பார்க்கவில்லை. அதே நடையில் நாலு வீடு தள்ளியிருந்த எங்கள் வீட்டுக்குத் திரும்பிப் போய், நிலை கைக்கு எட்டாததால், வாசலில் கிடந்த ஒரு பலகையை இழுத்துப்போட்டு ஏறி, வேப்பிலையைச் செருகினாள். பிறகு தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"எங்க வூட்டுக்கு ஆத்தா வந்துட்டா. நாளைக்கி யாரும் வராதீங்க. புள்ளைங்கள அனுப்பாதீங்க."

பம்பை பாதியில் நின்றது. ஒரு வாரம் தொண்டை கட்டக் கத்திய தெரு, ஒரு வார்த்தை பேசவில்லை. வாத்தியார் கட்சியும் பேசவில்லை. அப்பாவின் கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. அதை இறக்க வேண்டும் என்று அவருக்குக் கொஞ்ச நேரம் தோன்றவில்லை போலிருக்கிறது.

"உங்க அம்மாவாடி?" என்று பக்கத்தில் நின்றவள் கேட்டாள். நான் பம்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனிசிபாலிட்டி வண்டி வந்தது. அம்மை கண்டவர்களை ஊருக்கு வெளியே கொட்டகையில் தனியாக வைத்துவிடுவார்கள். அந்த வண்டிக்குப் பயந்துதான் பல வீடுகளில் மறைத்தார்கள். அம்மா, தனக்கு ஏற்கெனவே வந்துவிட்டதால் மறுபடி வராது என்றும் தானும் கூடப் போவதாகவும் சொல்லி, தம்பியைத் தன் பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அதுவரை அவள்மேல் இருந்த ஆத்திரமெல்லாம் வண்டியைப் பார்த்ததும் எங்கே போனதோ, நான் அழுதுகொண்டு அவளை நோக்கி ஓடினேன்.

"கிட்ட வராத!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. மாட்டை விரட்டுகிற மாதிரி கையை வீசினாள். தெரு பார்த்தது, என் கூட்டாளிகளும் பார்த்தார்கள். பெற்ற தாயே மகளை நடுத்தெருவில் விரட்டிவிட்டாள் என்று பள்ளிக்கூடத்தில் பேசப் போகிறார்கள் என்பது மட்டும்தான் அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. வண்டி போகும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை.

அப்பா மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்து, நிலையில் இருந்த வேப்பிலையில் கட்டினார். இன்ஸ்பெக்டருக்கு எதிரே போய்ச் சட்டைக்கையை மடித்துவிட்டார்.

"மொதல்ல எனக்குக் குத்துங்க சார்."

இன்ஸ்பெக்டரின் ஆள் மருந்து தொட்ட கருவியை அவர் புஜத்தில் அழுத்தித் திருகினான். அவருக்குப் பின்னால் வாத்தியார் நின்றார். வாத்தியாருக்குப் பின்னால் இரண்டு கட்சிகளும் வரிசையாக நின்றன. எனக்கும் குத்தினார்கள். வரிசையில் இருந்த பெண்கள், கட்டின புருஷன் சொன்ன சொல்லைச் சந்தியில் வைத்து ஒடித்துவிட்டாளே என்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழ வேண்டும் என்றே பேசியதாக எனக்குத் தோன்றியது. தோற்றுப்போன அப்பாவைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் போய்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். முனிசிபாலிட்டி ஆட்கள் கூழ் மாவைச் சாக்கடையில் கொட்டும் சத்தம் அங்கேயும் கேட்டது, மேலே தூவிய பிளீச்சிங் பவுடரின் நெடியும் வந்தது.

தம்பி பிழைத்தான். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றரை மாதம் கழித்து அம்மாவின் முகத்தைப் போலவே ஒரு முகத்தோடு திரும்பி வந்தான். எங்கள் தெருவில் வேறு எந்த வீட்டு நிலையிலும் அந்த வருடம் வேப்பிலை ஏறவில்லை. அதற்காக அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் தகவல் கேட்டு மாகறலிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் அண்ணன். வேப்பிலையைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் எதிர்ச்சாரியில் குந்திக்கொண்டார். அப்பா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நடுவில் தெரு. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"நான் வேர்க்குருன்னு சொன்னேன் மச்சான்" என்றார் அப்பா. வேறு எதையோ பேச ஆரம்பித்து அங்கே வந்து நின்றது அவர் பேச்சு.

மாமா நிலையில் இருந்த வேப்பிலையைப் பார்த்தபடி சொன்னார்.

"எங்க வூட்லயும் அப்படித்தான் சொன்னாங்க. பெரிய தங்கச்சி கல்யாணத்தன்னிக்கி. சின்னவளுக்கு, அதான் உன் பொண்டாட்டிக்கி, மூஞ்சியில ரெண்டு முத்து. தாலி ஏறட்டும், அப்பால பாத்துக்கலாம்னுட்டு வேப்பிலை செருவாம, மேல சந்தனத்தப் பூசி நிக்க வச்சிட்டாங்க. பாவாடை கட்டிக்கினு, பந்தியில அத்தினி பேருக்கும் இவதான் தண்ணி ஊத்தினா. இவ பொழைச்சிக்கினா. கல்யாணப் பொண்ணு போயிட்டா. பந்தியில குந்தினவங்க வூட்டுப் புள்ளைங்க எத்தினியோ போச்சு. இவ யார்கிட்டயும் சொல்லமாட்டா. எங்கிட்டகூட இதப் பத்திப் பேசினதில்ல."

அப்பா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். காப்புப் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா சொன்னதில் ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருந்தேன். கேட்டுவிட்டு எனக்கு வந்தது பொறாமை. அம்மாவுக்காவது ஒரு கல்யாணத்தில், சந்தனம் பூசிக்கொண்டு, இத்தனை பேருக்குத் தண்ணீர் ஊற்றக் கொடுத்துவைத்திருந்தது. எனக்கு ஒரு சொம்பு கூழ் ஊற்றக்கூட அவள் விடவில்லையே என்று, மருந்து குத்திய கையைப் பிடித்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று வெகுநேரம் அழுதேன்.