மூன்று பிடி மண்

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானும் சிரித்தவன்தான். எண்ணூர் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன் நான், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் பாதி டீயில் எழுந்து போய்விடுவேன்.

கிளட்சை மிதித்து மிதித்தே என் இடது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனது. மாற்றாவிட்டால் ஸ்டியரிங்கை மறந்துவிட வேண்டியதுதான், வேறு தொழிலும் தெரியாது. இப்போதெல்லாம் சின்னதாகக் கிழித்து, தசையை வெட்டாமல் விலக்கி, தேய்ந்த எலும்பை எடுத்துவிட்டுப் புது மூட்டு வைக்கிறார்கள். காலையில் ஆபரேஷன், சாயங்காலமே வாக்கரைக் கொடுத்து வராந்தாவில் நடக்க விட்டுவிட்டார்கள். பக்கத்தில் வந்த என் மனைவி பாத்திமாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை.

நம்பினால் நம்புங்கள், அப்போதுதான் இடுப்புக்குள் சில்லென்று ஈர மண் விழுந்தது. ஒரு பிடி. பிறகு இன்னொன்று, இன்னொன்று. கட்டு கசிகிறதோ என்று தொட்டுப் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

"இன்னாங்க, நின்னுட்டீங்க?"

"யாரோ ஈர மண்ண அள்ளிப் போட்ற மாதிரி கீது பாத்திமா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. உடம்பிலிருந்து எடுத்ததைக் குப்பையில் விட எங்கள் ஜனங்களுக்கு மனசு வராது, மண்ணில் அடக்கம் செய்வோம். நான் கலங்குவேன் என்று எனக்குச் சொல்லாமலே, எங்கள் கபர்ஸ்தானில் குழி வெட்டுகிற அவள் தம்பி ரபீக், என் எலும்பைக் கேட்டு வாங்கி அங்கே கொண்டுபோயிருந்தான். திரும்பி வந்தபோது அவன் நகமெல்லாம் மண்.

"சும்மா பொதைச்சிட்டு வந்துருக்கணும் மச்சான். பழகின கையி, மய்யித்த அடக்கம் பண்றப்ப போட்ற மாதிரி மூணு பிடி போட்டுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் வாயைத் திறக்கும் முன்பே மூன்றையும் நான் வாங்கியிருந்தேனே.

கால் என்னவோ ஜோராகத் தேறியது. டாக்டரே ஆச்சரியப்பட்டார், நானும் பழையபடி வண்டி எடுத்துவிட்டேன், அது மருந்து மயக்கமாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

போன மாசம் திருவொற்றியூர் டிராஃபிக்கில் வண்டி நிற்கிறது, பட்டப்பகல். என் இடது இடுப்பை ஒட்டி யாரோ வந்து படுத்தார்கள். கனமே இல்லை. ரபீக்குக்குப் போன் போட்டேன்.

"என் எலும்பு பக்கத்துல இன்னிக்கி யாரையாச்சும் அடக்கம் பண்ணாங்களா?"

போனில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் நின்றது.

"இப்பதான் முடிச்சிட்டு கையக் கழுவிகினு கீறேன் மச்சான். கைக்கொழந்த. உனக்கு யாரு சொன்னது?"

அன்றிலிருந்து தூக்கத்தில்கூட நான் இடது பக்கம் புரண்டு படுப்பதில்லை.