ரங்கூனுக்கு ஒரு பச்சைப் போர்வை

போன வருஷம் இந்தப் பத்திரிகையில் ரங்கூன் பயணம் எழுதிய கனவான் பொய் சொன்னார். தில்லியின் கடைசிப் பாதுஷா அடங்கியிருக்கும் கபரில், தலைமாட்டுப் பளிங்கைத் தொட்டு ஃபாத்திஹா ஓதினாராம். நான் போய்ப் பார்த்துவிட்டேன். அங்கே பளிங்கும் இல்லை, தலைமாடும் இல்லை.

நான் தேக்கு மரம் வாங்கப் போனவன். ஆனால் பெட்டியில் என் லாத்தா, அதாவது மூத்த சகோதரி, தைத்துக் கொடுத்த பச்சைப் போர்வை இருந்தது. அவள் மகளுக்கு விஷக் காய்ச்சல் கண்டு நாற்பது நாள் கிடந்தபோது, அந்தக் கட்டுரையை லாத்தாவுக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். பிள்ளை பிழைத்தால் அந்தக் கபருக்குப் போர்வை போர்த்துவதாக லாத்தா நேர்ந்துகொண்டாள். பிள்ளை பிழைத்தது. "தலைமாட்டுலேருந்து கால்மாடு வரைக்கும் நேரா விரிக்கணும் தம்பி, கோணிடக் கூடாது" என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

1926 பிப்ரவரி மூன்றாம் தேதி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினேன். தளத்தில் இடம், பதினைந்து ரூபாய். ஆறாம் நாள் காலை கடல் நீர் மண் நிறமானது. ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்தோம். மொகல் தெருவில் ஊர்க்காரர் ஒருவர் கடையின் மாடியில் தங்கினேன். முகலாயர் பெயர் கொண்ட அந்தத் தெருவில் குடையும் கண்ணாடிச் சாமானும் விற்கிறார்கள்.

மறுநாள் எட்டு மணிக்குக் குதிரை வண்டி பிடித்தேன். இரண்டு மைல், போக வர ஒரு ரூபாய். வண்டிக்காரனின் தகப்பன் நாகூர்ப் பக்கம், தாய் பர்மியப் பெண். எல்லோரும் அவனைக் கோ மைதீன் என்கிறார்கள். கோ என்பது அங்கே மரியாதைச் சொல். என்னை அவன் நானா, அதாவது அண்ணன், என்றான்.

சூலே பகோடாவைச் சுற்றி வண்டி வடக்கே போகும்போது லாத்தாவின் நேர்ச்சையையும் பாதுஷாவின் வம்சத்தைப் பற்றியும் அவனிடம் சொல்லிக்கொண்டு வந்தேன். காபூலிலிருந்து பீரங்கியோடு இறங்கித் தில்லியைப் பிடித்த முதல்வர். ராஜபுத்திரரையும் முல்லாக்களையும் ஒரே சபையில் உட்கார வைத்த அவர் பேரன். செஞ்சிக் கோட்டையை எட்டு வருஷம் வளைத்துக் கிடந்த அவர்கள் படை. ஆர்க்காட்டு நவாபும் அவர்கள் பெயரில்தான் நம்மிடம் வரி வாங்கினார். கடைசியில் வந்தவரை வெள்ளைக்காரன் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்து வைத்தான்.

"அவரும் உங்களாட்டம் கப்பல்லதான் வந்தாரு நானா" என்றான் மைதீன். "திரும்பிப் போகத்தான் சீட்டு குடுக்கல."

இரும்புக் கம்பி வேலி, ஒரு கல், சுற்றிலும் புல். அவ்வளவுதான். கல்லில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த இடத்துக்கு அருகே அடக்கப்பட்டார் என்றிருந்தது. அருகே என்றால் எங்கே? காவலிருந்த இந்துஸ்தானிக் கிழவர் சொன்னதை மைதீன் தமிழில் சொன்னான். இறந்த அன்றே புதைத்து, இடம் தெரியாதபடி மேலே புல் பதித்துவிட்டார்களாம். வருகிறவர்கள் கல்லின் மேலேயே போர்வை போடுகிறார்கள், நீங்களும் போடுங்கள் என்றார் கிழவர். அதற்குக் கீழே பாதுஷா இருக்கிறாரா என்று கேட்டேன். கையை விரித்தார்.

"போத்திட்டு வாங்க நானா. லாத்தாவா வந்து பாக்கப் போறாங்க?" என்றான் மைதீன்.

பாதி விரித்தேன். ஒரு பிள்ளையின் உயிருக்காக நேர்ந்தது. நான் குத்துமதிப்பாகப் போட முடியாது. மடித்து வைத்துவிட்டுப் புல்லில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். காற்று நன்றாக இருந்தது. இந்துஸ்தானத்து வயலையெல்லாம் கோல் பிடித்து அளந்த வம்சத்துக்கு ஆறடி நிலம் எது என்று அளந்து சொல்ல ஆளில்லை. எங்கள் நாகூர் தர்காவில் கண்ணைக் கட்டி விட்டாலும் தலைமாட்டுக்குப் போய்விடலாம். அந்தத் திடல் முழுவதற்குமாக ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு எழுந்தேன்.

மரம் பேசி முடித்துப் பத்தொன்பதாம் தேதி கப்பல் ஏறினேன். வீட்டில் லாத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"அப்ப அந்தக் கட்டுரை எழுதினவரு தொட்டது யாரை?" என்று மட்டும் கேட்டாள்.

நேர்ச்சை நிறைவேறாமல் பிள்ளையை வாசல் தாண்ட விடமாட்டேன் என்கிறாள். ஒன்பது வயதுப் பெண், நல்ல உடம்போடு, கதவைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நிற்கிறது.

கட்டுரை எழுதியவரே, எனக்குத் தனிக் கடிதம் போட வேண்டாம். உங்கள் கை பட்ட இடம் கல்லிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை முழம் என்று அடுத்த இதழில் உங்கள் பெயரோடு எழுதுங்கள். மறுபடி கப்பல் ஏறுகிறேன். நீங்கள் போகவே இல்லையென்றால் அதையும் அங்கேயே எழுதுங்கள். லாத்தாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.