அவுரித் தொட்டிக் கோயில்

வளவனூர்ப் பக்கத்தில் வேதக்கோயில் உபதேசியாராக இருந்த தேவசகாயம், கோயில் வந்த கதையைத் தன்னை முட்டாளாக்கித்தான் தொடங்குவார். "எனக்குத் தெரியாத வேல கொத்து வேல. அதத்தான் கெட்டியா செஞ்சேன்" என்பார். கண்டமங்கலத்துப் பொன்னிக்கு மூத்த பிள்ளை, சவுரியம்மாளுக்குப் புருஷன். உயரம் குறைவு, குரல் மட்டும் பெரிது.

1936ஆம் வருஷம். அவர் தெரு ஜனம் டவுன் கோயிலுக்கு நடந்து போனாலும் சாதி பிரிக்கும் கம்பிக் கிராதிக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஊர்க்கோடியில் கும்பினி காலத்து அவுரித் தொட்டிகள் இரண்டு சும்மா கிடந்தன. மேல் தொட்டியில் தழையை ஊறவைத்து, நீலச் சாயத் தண்ணீரைக் கீழ்த் தொட்டிக்குத் திறந்துவிட்டு, ஆட்கள் இறங்கி நின்று அதைக் கலக்கி அடித்த இடம். சொந்தக்காரர் விருத்தாசலம், செபத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். டவுன் கோயில் பெரிய சாமியார் வந்து பார்த்துச் சம்மதித்தால் மாதம் ஒரு பூசை. இல்லாவிட்டால் பழையபடி கிராதிதான்.

கீழ்த் தொட்டிக்குள் ஜனம் உட்கார்ந்தால், விளிம்பில் நிற்கும் தாம் நெட்டையாகத் தெரிவோம் என்று தேவசகாயத்துக்கு உள்ளூர ஆசை. அதன்மேல் கூரை வேய்ந்தார்கள். தொட்டியின் அடித்துளை வழியே பாம்பு வருமென்று அவரே சுண்ணாம்பு குழைத்து அடைத்தார்.

"அடைச்சிப்புட்டியே, தண்ணி எந்தப் பக்கம் போவும்யா?" என்று சவுரியம்மாள் கேட்டாள். மேலே கூரை இருக்கிறதே என்று சிரித்தார். மேல் தொட்டிக்குக் கூரை இல்லை என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை.

சாமியார் வருகிற ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மழை கொட்டித் தீர்த்தது. மேல் தொட்டி நிறைந்து, பழைய வழக்கப்படியே கீழ்த் தொட்டிக்கு இறக்கிவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர், தவளைகளோடு. விளிம்பில் சாமியார் வந்து நின்றார். 

தேவசகாயத்தின் அத்தை முனியம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு முதலில் இறங்கினாள். சின்ன வயதில் அங்கே அவுரி அடித்தவள்.

"கூலிக்கு இதுல நின்னோம். சாமிக்கு நிக்க மாட்டோமா? எறங்குங்க" என்றாள். பிறகு மருமகனைப் பார்த்து, "நீ ஓரமா நில்லுடா, முழுகிடப் போற."

எல்லாரும் இறங்கினார்கள். உபதேசியாரும் இறங்கினார், தொடை வரை நனைந்தார். நின்றபடியே செபம் முடிந்தது.

சாமியார் துளையை அடைத்தது யார் என்று விசாரித்தார். அப்புறம், "மாசா மாசம் வர்றேன். உபதேசியார் மட்டும் கொத்துக் கரண்டியத் தொட வேணாம்" என்றார்.

அந்த உத்தரவை மீறத் தமக்கு ஒருநாளும் வாய்ப்பே கிடைக்கவில்லை என்பார் தேவசகாயம். ஊரே காவல் இருந்ததாம்.