அஞ்சலை சிந்தும் பட்டப்பகல் நெலாவும்

செத்தவனைப் பத்திப் பாட்டு கட்டினா காலணா கெடைக்கும், உசுரோட கீறவங்களைப் பத்திக் கட்டினா ஒதை கெடைக்கும். எங்க தொழிலோட வேதமே இவ்ளோதான்.

கையில ஒரு கஞ்சிரா, தோள்ல ஒரு பை, பை நெறைய எட்டுப் பக்கப் பாட்டுப் புஸ்தகம். பூந்தமல்லி சந்தை, ஆவடி டேசன் வாசலு, பாடி ரோட்டுல வண்டி மாடு தண்ணி குடிக்கிற எடம், எங்க நாலு பேரு நின்னாலும் அங்க நின்னு பாடி விப்பேன். கொலைச் சிந்து, ரயிலு கவுந்த சிந்து, வெள்ளச் சிந்து எல்லாம் பாடியாச்சு. வெட்டுப்பட்டவன் எவனும் எழுந்து வந்து "என் கழுத்து அவ்ளோ கோணலாவா போச்சு?"ன்னு கேட்டதில்ல. போதாத வேளை, உசுரோட கீற அஞ்சலையைப் பத்திக் கட்டிட்டேன். நீங்களும் எங்கியாவது நாலு பேரு கூடுன எடத்துல அஞ்சாவது ஆளைப் பத்தி வாயத் தொறந்துட்டு முழிச்சிருப்பீங்க. வாங்க, கிட்ட வந்து குந்துங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

அஞ்சலை ஆருன்னா, அயனம்பாக்கம் ஏரித் தண்ணி பாயுற நெலத்துல நாத்து நட்டு கதிரறுக்குற கூலிக்காரி. அங்க மிராசுதாரு ஊட்டுல படி ரெண்டு. குத்தகைக்காரன்கிட்ட நெல்லு வாங்குறதுக்கு ஒரு படி, அது பெருசு. கூலி அளக்குறதுக்கு ஒரு படி, அது அவங்க பாட்டன் காலத்துலேர்ந்து வயசாவ ஆவ சிறுத்துகினே வருது. "வாங்குறதுக்கும் குடுக்குறதுக்கும் ஒரே படி வை, அப்பால அருவா எடுக்குறோம்"னு அஞ்சலை பொம்பளைங்க அத்தினி பேரையும் சேத்துகினு பட்டப்பகல்ல களத்துல குந்திட்டா. அன்னிக்கே அந்தக் கூலிப்படி காணோம். அஞ்சலைதான் திருடிட்டான்னு மிராசுதாரு கேசு குடுத்துட்டாரு. கேசு தோத்தா அவ ஜெயிலுக்குப் போவணும். அவ போயிட்டா, மத்த பொம்பளைங்க வாய மூடிகினு பழையபடி குட்டிப் படிக்கு மடியேந்தணும். ஊரு ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு. நடுவுல நானும் கஞ்சிராவும்.

ஒரு பாட்டு, ரெண்டு அட்டை

பட்டணத்துல எனக்கு அச்சடிச்சுக் குடுக்குற பிரஸ்காரரு மூளைக்காரரு. "இன்னா தலைப்பு போடட்டும்?"னு கேட்டாரு. "அஞ்சலை சிந்து"ன்னேன். "ஏம்பா, அது ஆருக்கு வேணும்? பாதி ஊருக்கு அவ சாமி, பாதி ஊருக்குத் திருடி. சாமிக்கு ஒரு அட்டை, திருடிக்கு ஒரு அட்டை போட்டுடலாம், உள்ள ஒரே பாட்டு இருக்கட்டும். இதுக்குப் பேருதான் நடுநிலைமை"ன்னாரு. பச்சை அட்டையில "வீராங்கனை அஞ்சலை", செவப்பு அட்டையில "படித்திருடி அஞ்சலை". எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே மத்தியானம் ஆவும். அட்டைக் கலரைப் பார்த்து வித்துக்கலாம்னு நானும் தலையாட்டிட்டேன்.

பூந்தமல்லி சந்தையில மூஞ்சியப் பார்த்தே அட்டைய எடுத்து நீட்டினேன். காலுல மண்ணு இருந்தா பச்சை, காலுல செருப்பு இருந்தா செவப்பு. உச்சி வெயிலுக்குள்ள பை காலி. பேஜார் எங்க வந்துச்சுன்னா, ஒரே மாட்டு வண்டியில ஊருக்குத் திரும்பின பங்காளிங்க ரெண்டு பேரு ஆளுக்கொரு கலரு வாங்கிட்டாங்க. வழி நெடுக ஒருத்தனை ஒருத்தன் திட்டிகினு போயி, கடைசில புஸ்தகத்தை மாத்திப் படிச்சிட்டாங்க. வண்டிய அப்டியே திருப்பிகினு வந்து பெரியவன் என் சட்டையப் புடிச்சான்: "டேய், உள்ள ஒரே பாட்டுதானே கீது, அப்ப நான் குடுத்த காலணா அவளைக் கும்புடுறதுக்கா, திட்டுறதுக்கா? அதைச் சொல்லிட்டு அப்பால நவுரு."

ஆரு சொன்னா?

நூம்பல் கிராமத்துல பாடிகினு இருந்தேன். ஒருத்தன் கையத் தூக்கி, "அவ படிய எடுத்தான்னு உனுக்கு ஆரு சொன்னா?"ன்னான். இதுக்கு முன்னாடி எந்தக் கொலைச் சிந்துலயும் இந்தக் கேள்வி வந்ததில்ல. மெய்யாலுமே எனக்குச் சொன்னது ஏகாம்பரம். மிராசுதாரு களத்துக்குக் காவக்காரன். கள்ளுக்கடையில என் பக்கத்துல குந்தினு, "மடியில கட்டிகினு போயிட்டா நைனா"ன்னான். "நீ கண்ணால பார்த்தியா அண்ணாத்தே?"ன்னு கேட்டேன். "களத்துக்குக் காவக்காரன் ஆரு, நானா நீயா? நான் பார்க்காம வேற எவன் பார்ப்பான்?"னு என்னையே திருப்பிக் கேட்டான். பார்த்தேன்னும் சொல்லல, பார்க்கலன்னும் சொல்லல. போலீஸ்காரங்க அவனை எப்டித்தான் வெசாரிச்சாங்களோ, அவங்களுக்கே வெளிச்சம்.

எதுக்கு வம்புன்னு அன்னிலேர்ந்து அடிக்கு அடி "என்று சொல்லுவாரே"ன்னு ஒரு வாலு ஒட்டிட்டேன். "பாலாட்டம் நெலா காயுது, படிய மடியில கட்டினா, என்று சொல்லுவாரே! கட்டவே இல்லை, கையே படலை, என்று சொல்லுவாரே!" எனக்கே அவ்ளோ சந்தோசம், எந்த மாட்டுக்கும் முட்டுறதுக்கு எடம் கெடையாது. பாட்டு முடிஞ்சதும் ஒரு வண்டிக்காரரு வெத்தலையத் துப்பிட்டு நெதானமாக் கேட்டாரு: "ஏம்பா, உங்கம்மா உன்னைப் பெத்ததாவது நெசமா, இல்ல அதுவும் ஊருல சொல்லுவாரேதானா?"

ரெண்டு பக்க மரியாதை

வாலு ஒட்டினதுக்கும் மரியாதை கெடைச்சுது. அம்பத்தூருல மிராசுதாரோட ஆளுங்க, "அதென்னடா சொல்லுவாரே? திருடினான்னு ஒயுங்காப் பாடு"ன்னு முதுகுல ரெண்டு வெச்சு, என் கஞ்சிராவப் புடுங்கிகினு போயி குட்டையில முக்கி எடுத்துட்டாங்க. கஞ்சிராத் தோலு ஊறிட்டா தட்டினா "தொப்பு தொப்பு"ன்னு கெயவன் இருமுற மாதிரி கேக்கும், காயுற வரைக்கும் பொழப்பு கெடையாது. அதை வெயில்ல காய வெச்சிகினு குந்தினு இருந்தா, அஞ்சலை கட்சி பசங்க வந்துட்டாங்க. "திருடினான்னு ஊரு சொல்லுதுன்னு நீ எப்டிப் பாடலாம்?"னு பையிலேர்ந்து செவப்பு அட்டைய மட்டும் பொறுக்கி எடுத்துக் கிழிச்சாங்க. அப்பால உள்ள ஒரே பாட்டுன்னு ஒருத்தன் கண்டுபுடிச்சான், பச்சையையும் கிழிச்சு எனக்கும் ரெண்டு போட்டாங்க. "நான் எந்தப் பக்கமும் இல்லப்பா, நடுவுல கீறேன்"னு கையெடுத்துக் கும்பிட்டேன். கிழிச்ச காயிதத்தைத் தட்டி உட்டுகினே ஒரு பையன் சொன்னான்: "நட்ட நடு ரோட்டுல நின்னா வண்டி மேல ஏறாம, மாலையா போடும்?"

மிராசு ஊட்டு நடுநிலைமை

ஒரு நாளு மிராசுதாரு என்னை ஊட்டுக்கே கூட்டியாரச் சொன்னாரு. ஒதைக்கத்தான் கூப்புடுறாருன்னு ரெண்டு வேட்டியா கட்டிகினு போனேன். பார்த்தா எலை போட்டுச் சோறு! வடையில கை வெக்கும்போது ஆரம்பிச்சாரு. "நான் ஒண்ணும் உன்னை எனக்காகப் பாடச் சொல்லலை. நியாயமா பாடு. ரெண்டு பக்கத்துக்கும் சமமா எடம் குடு. அவளுக்கு நாலு அடி, எனக்கு நாலு அடி." எனக்குக் கண்ணே கலங்கிடுச்சி, வடை காரம் வேற. அவரோட நாலு அடிய அவரே எடுத்து உட்டாரு: அவங்க தாத்தா கொளம் வெட்டினது, அப்பா சத்திரம் கட்டினது, இவரு தேரு இழுத்தது, ஊரு இவரை வாயாரப் புகழுறது.

"சரிங்க, அந்தம்மாவோட நாலு அடிக்கு அவங்களையே போயிக் கேட்டுக்குறேன்"னு எழுந்தேன். குந்துடான்னு கையக் காட்டினாரு. கூலிக்கும் குத்தகைக்கும்தான் ரெண்டு படின்னு நெனைச்சிருந்தேன், நியாயத்துக்கும் இந்த ஊட்டுல ரெண்டு படி கீதுன்னு அப்பதான் புரிஞ்சுது. அவரு சொன்னது இது: "அவளை எதுக்குய்யா வெயில்ல தேடிகினு போற? அவ ஊரு, அவ பேரு, அவ திருடினது, அவ ஜெயிலுக்குப் போறது. அவளோட நாலு அடியையும் நானே சொல்லித் தந்துடறேன்."

கெண்டை விழியாள்

இத்தினி பேருகிட்ட மாட்டினேனே, அஞ்சலைகிட்ட மட்டும் போவல. ஒரு நாளு அவளே எதிர்ல மாட்டினா, ஜாமீன்ல வந்து கரம்பு நெலத்தை வெட்டிகினு இருந்தா. வரப்புல என்னைப் பார்த்ததும் மம்புட்டிய ஊணி நின்னுகினு, "நீதானே அந்தப் பாட்டுக்காரன்? பாடு, கேப்போம்"னா. நான் "கெண்டை விழியாள், முத்துப் பல்லாள், கொடியிடையாள்"னு ஆரம்பிச்சேன். அவளை மேல கீழ பார்த்தேன். வயசு நாப்பத்தஞ்சு இருக்கும், முன் பல்லு ஒண்ணு கெடையாது, இடுப்புல நாலு புள்ளைங்களைச் சொமந்து எறக்கினவ. பாட்டை அங்கியே நிறுத்திட்டேன். கூட வேலை செஞ்ச பொம்பளைங்க வரப்புல உருண்டு உருண்டு சிரிச்சாங்க.

அவ சிரிக்கல. "அதென்னய்யா நெலா காயுது? பட்டப்பகல்ல நடந்ததுக்கு நெலா எங்கேர்ந்து வந்துச்சு?"ன்னா. "பாட்டுன்னா ஒரு நெலா வேணும்மா, இல்லாட்டி எடுப்பா இருக்காது"ன்னேன். "ஊரெல்லாம் கேட்டியே, என்னைக் கேட்டியா?"ன்னா. சரி, இப்ப கேக்குறேன், எடுத்தீங்களான்னேன். "அந்தப் படி களத்துல இருந்தாத்தானே அது குட்டின்னு நாலு பேருக்குக் காட்ட முடியும்? அதை நான் எதுக்குய்யா ஒளிப்பேன்? காணாமப் போனா ஆருக்கு லாபம்னு உன் கஞ்சிராவக் கேளு"ன்னா. "உங்க நல்லதுக்குத்தான் அழகா பாடினேன்"னு இழுத்தேன். மம்புட்டிய எடுத்து ஒரு வெட்டு வெட்டிட்டுச் சொன்னா: "என்னை அழகின்னு பாடுற பொய்ய நம்புறவன், நான் திருடினேன்ற பொய்யையும் நம்பத்தான்யா செய்வான்."

கூண்டுல ஏறின பாட்டு

கேசு பூந்தமல்லி கோர்ட்டுல. அன்னிக்கு வாசல்ல கூட்டமான கூட்டம்; நானும் பையோட போயி நின்னேன், தொழிலு தொழிலுதானே. மொதல்ல மிராசுதாரு ஏறினாரு. "காணாமப் போன படி எப்படிப்பட்டது?"ன்னு மாஜிஸ்ட்ரேட்டு கேட்டாரு. திருட்டுப் போன பொருளைச் சின்னதுன்னு எவனாவது சொல்லுவானா? மிராசுதாரு நெஞ்ச நிமித்திகினு, "சர்க்கார் முத்திரை போட்ட முழுப் படிங்க. ஒரு பிடி கொறையாது"ன்னாரு. கொமாஸ்தா எழுதிக்கினாரு. அப்பால சாட்சி ஏகாம்பரம்.

ஏகாம்பரம் ஏறினதும் கண்ணை மூடிகினு ஆரம்பிச்சான். "பாலாட்டம் நெலா காயுதுங்க, படிய மடியில கட்டினாங்க, கரையோரமா நடந்தாங்க..." கூண்டு கட்டையில அவன் வெரலு தாளம் போடுது. எனக்கு வெளிய வேர்த்து ஊத்துது. மாஜிஸ்ட்ரேட்டு பேனாவக் கீழ வெச்சாரு. "பகல்ல நடந்த திருட்டுன்னு புகார்ல இருக்கு. நிலா எப்படி வந்தது?" ஏகாம்பரம் அப்பதான் கண்ணைத் தொறந்தான். "பாட்டுல அப்டித்தான் சாமி வருது"ன்னான். "எந்தப் பாட்டு?" வாசல்ல கீற என்னைக் கையக் காட்டிட்டான், கஸ்மாலம்.

டவாலி போட்ட சேவகரு என்னை இட்டுனு போயி நிக்க வெச்சாரு. "உனக்கு இதை யார் சொன்னது?"ன்னாரு மாஜிஸ்ட்ரேட்டு. "இதோ நிக்கிறாரே, இந்த ஏகாம்பரம்தான் சாமி, கள்ளுக்கடையில." ஏகாம்பரத்தைப் பார்த்தாரு. "நீ கண்ணால பார்த்தாயா?" "அன்னிக்கு எனக்கு சொரம் சாமி, ஊட்டுல படுத்துகினு இருந்தேன். அவதான் எடுத்திருப்பான்னு ஐயா சொன்னாரு. அப்பால பாட்டுலயே வந்துடுச்சே, பாட்டுல வந்தா நெசமாத்தானே இருக்கும்னு..." அவன் சொன்னதை நான் பாட, நான் பாடினதை அவன் சாட்சி சொல்ல, செக்கு மாடு கூட இவ்ளோ வட்டமா சுத்தாது. மாஜிஸ்ட்ரேட்டு கேசைத் தள்ளிட்டு எழுந்திருக்கப் போனாரு. அப்ப அஞ்சலை கையக் கட்டிகினு ரொம்பப் பணிவாச் சொன்னா: "சாமி, எங்களுக்குக் கூலி அளந்தது முழுப் படின்னு ஐயாவே வாய் தொறந்து சொல்லிட்டாரு, அதை மட்டும் நல்லா அழுத்தி எழுதிக்குங்க, வர்ற அறுப்புல அவருக்கு மறந்துடப் போவுது."

அந்த நெலா

அடுத்த அறுப்புல களத்துக்குப் புதுசா ஒரு படி வந்துச்சு. முழுப் படி. மிராசுதாரு மூஞ்சி மட்டும் சிறுத்துப் போயிருந்துச்சு. நானும் புதுச் சிந்து கட்டிகினு, "சொல்லுவாரே" வாலை எல்லாம் நறுக்கிட்டு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒயுங்கா அஞ்சலைகிட்டயே பாடிக் காட்டினேன். கெண்டை விழிய எடுத்துட்டேன், முத்துப் பல்லை எடுத்துட்டேன். "நெலாவையும் எடுத்துட்டேம்மா"ன்னு பெருமையாச் சொன்னேன். நெல்லு தூத்திகினு இருந்தவ மொறத்தை நிறுத்திட்டு, அந்த ஓட்டைப் பல்லு தெரிய மொத தடவை சிரிச்சா. "அய்யய்ய, அதை ஏன்யா எடுத்த? கோர்ட்டுல எனுக்காக நெசத்தைச் சொன்னது அது ஒண்ணுதானே, அது பாட்டுக்குக் காயட்டும், உடு."

பாட்டுல கீற ஒவ்வொரு அடிக்கும் "ஆரு சொன்னா?"ன்னு கேட்ட ஜனங்க, ரெண்டு பக்கமும் நான் வாங்கின அடிக்கு மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரு சாட்சி கூடக் கேட்டதில்ல.