ஒற்றைக் கண்ணால் அழுத வாரங்கள்

அந்த மாசி மாதம் முழுக்க என் இடது கண் மட்டும் அழுதது. வலது கண் சிவனே என்று இருந்தது.

எனக்கு முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. பின்னேரம் நாலு மணிக்கு ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் உள்ள எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றவும் அது வந்துவிடும். இடது கண்ணுக்குப் பின்னால் காய்ச்சிய கம்பியைச் செருகுவது போல ஒரு வலி. கூடவே அந்தக் கண்ணால் தண்ணீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு ஒழுகும், இமை பாதி விழுந்துவிடும். ஒரு மணி நேரம் என்னை ஆட்டிப் படைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும்.

"என்னப்பா, கண் கலங்கியிருக்கு?" என்று மனைவி கேட்டால், "வேலையிலை வெங்காயம் வெட்டினது" என்பேன்.

"உங்கடை வெங்காயம் ஒரு கண்ணைத்தான் பிடிக்குமோ?"

குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வேன். உண்மையில் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன். மூளையில் கட்டி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். வைத்தியரிடம் போனால் அது உறுதியாகிவிடும். உறுதியானால் மகளின் கலியாணம் குழம்பிவிடும். ஆகவே கலியாணம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்பது என் திட்டம். இதைவிட மொக்குத் திட்டமொன்றை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.

மகள் ஒஸ்லோவிலேயே பிறந்தவள், ஆசிரியை. அவள் விரும்பியது நோர்வேயின் மேற்குக் கரையில், ஸ்தவாங்கர் நகரத்து எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்யும் கோயம்புத்தூர்ப் பொடியனை. எனக்கு அவனைப் பிடித்திருந்தது. இட்லிக்குச் சம்பல் வேண்டாம், சாம்பார் போதும் என்கிறவன். அது ஒன்றுதான் குறை. அதைச் சொல்லிச் சொல்லி மகளைப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தேன். அந்தப் பகிடியே பிறகு வினையாகிவிட்டது.

திகதி குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை பொடியனின் தாய் தகப்பன் கோயம்புத்தூரிலிருந்து வீடியோவில் வந்தார்கள். ஞாயிறன்றாவது வலி விடுமுறை எடுக்கும் என்று நம்பினேன். எங்கே! அந்த அம்மா "ஆவணி மாசம் உங்களுக்குச் சரிங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டது. ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டேன். இந்த வலியோடு உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. வாசலுக்கும் குளியலறைக்கும் நடந்து நடந்து சுவரில் நெற்றியை முட்டினேன். அவர்களுக்குக் கேட்டது அந்தச் சத்தம். பின்னால் ஓடிவந்த மகள் கண்டது என் கண்ணீர்.

இரண்டு நாள் கழித்து அவள் சமையலறையில் எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, நான் வேண்டாம் எண்டு சொல்லிட்டன்."

"எதை?"

"கலியாணத்தை. ஒவ்வொரு நாளும் குளியலறையிலை பூட்டிக்கொண்டு அழுறீங்கள். இந்தியாக்காரன் எண்டு உங்களுக்குப் பிடிக்கேல்லை. வாயாலை சொல்ல மாட்டீங்கள், எனக்குத் தெரியும். உங்களை இப்பிடி அழ வச்சிட்டு நான் என்னெண்டு போறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "விசரே பிள்ளை உனக்கு? நான் எங்கை அழுதனான்? எனக்கு மூளையிலை கட்டி!" என்று கத்திவிட்டேன்.

மனைவி அடுப்பை நிற்பாட்டினாள். "ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்றன்."

"நீங்கள் எப்ப டொக்டருக்குப் படிச்சனீங்கள்?" என்றாள். சொல்லிவிட்டு அவள்தான் முதலில் அழுதாள்.

மறுநாள் காலை மகள் லீவு போட்டுவிட்டு என்னைக் குடும்ப வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் அவசரம் என்று எழுதிக்கொடுக்க, அந்த வாரமே ஸ்கான் எடுத்தார்கள். பிறகு நரம்பியல் மருத்துவர், ஒரு பெண், என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "வலி வந்தால் படுப்பீர்களா, நடப்பீர்களா?"

"நடப்பன். சுவரிலை முட்டுவன்."

அவர் தலையாட்டிவிட்டு ஸ்கானைத் திருப்பிக் காட்டினார். கட்டி இல்லை. இது கொத்துத் தலையிடியாம். சில வாரங்களுக்குத் தினமும், பெரும்பாலும் ஒரே நேரத்தில், கொத்தாக வந்துவிட்டுப் போய்விடுமாம்.

"அப்ப ஏன் கண்ணீர்?" என்று மகள் கேட்டாள். மருத்துவர் ஒரு தாளில் கீறிக் காட்டினார். முகத்து வலியைச் சுமந்து வரும் நரம்பு மூளைத்தண்டுக்குள் போகிறது. கண்ணீரையும் மூக்குத் தண்ணீரையும் நம்மைக் கேட்காமலே நடத்துகிற இடமும் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே தொடர்பு உண்டு. வலி பலமாக வந்தால் மற்றதும் சேர்ந்து கிளம்பிவிடும், அந்தப் பக்கத்தில் மட்டும். எனக்கு உடனே விளங்கியது. எங்கள் வீட்டில் செத்தல் மிளகாய் பொரிக்க, புகை அலாரம் அடித்து முழு மாடியும் வெளியே வந்து நிற்பதைப் போலத்தான்.

"கவலைக்கும் இந்தக் கண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை" என்றார் மருத்துவர். மகள் அதை இரண்டாவது தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அப்பாடா! ஆஸ்பத்திரி வாசலில் பனியில் நின்று பைத்தியக்காரன் போலச் சிரித்தேன்.

வீட்டுக்கு ஒட்சிசன் சிலிண்டர் வந்தது. அன்று நாலு மணிக்கு முகமூடியை வைத்து மூச்சை இழுத்தேன். கால் மணி நேரத்தில் கம்பியைப் பிடுங்கி எடுத்தது போல வலி விட்டது. சிலிண்டரைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சியிருப்பேன், மனைவி பார்த்துக்கொண்டு நின்றதால் விட்டுவிட்டேன்.

ஆனால் மகள் சொன்ன "வேண்டாம்" அப்படியே கிடந்தது. அன்றே முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு நானே கோயம்புத்தூருக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், கட்டி என்று நானே தீர்மானித்த கதையையும்.

"ஏனுங்க, இதை அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் அந்த அம்மா. "பையன் ரெண்டு வாரமா சரியாச் சாப்பிடறதே இல்லைங்க. உங்களுக்கு எங்களப் பிடிக்கலையோன்னு நாங்களும் மனசு ஒடஞ்சு போயிட்டோம்."

"பிடிச்சிருக்கு. உங்கடை சாம்பாரும் பிடிச்சிருக்கு" என்றேன். வெங்காயத்துக்குப் பிறகு இது இரண்டாவது பொய். பக்கத்தில் நின்ற மகளுக்கு அது தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பங்குனி முடிய முன்னமே வலி போய்விட்டது. ஆவணியில் கலியாணம் நடந்தது. மறுவாரம் அவர்களை ஸ்தவாங்கர் ரயிலில் ஏற்றிவிடப் போனோம். நாலு மணி ரயில். பெட்டிகளை ஏற்றிவிட்டு நிமிர்ந்தபோது மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கண் அப்பா?" என்றாள் பயத்தோடு.

துடைத்துப் பார்த்தேன்.

"ரெண்டும்தான் பிள்ளை. இதுக்கு ஒட்சிசன் தேவையில்லை, நீ ஏறு."