மடு என்று முடியும் ஊர்

டென்மார்க்கில், ஸ்கீவ நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு இடையிலுள்ள வடிகால்களை மெஷினால் துப்புரவாக்கும் வேலை எனக்கு. என்னோடு நின்ற டேனிஷ்காரன் மெஷினை வயலில் இறக்குமுன் பழைய வரைபடத்தில் அந்த நிலத்தின் பெயரைப் பார்ப்பான். ‘கேர்’ என்று முடிந்தால் அது ஒருகாலத்துச் சதுப்பு. மெஷின் தார் ரோட்டிலேயே நிற்கும். ‘ஹொல்ம்’ என்று முடிந்தால் சதுப்புக்கு நடுவில் இருந்த மேடு, பயமில்லாமல் இறக்கலாம். அவனை நக்கலடித்து, ஒருநாள் ஒரு கேரில் இறக்கினேன். மெஷின் பாதிவரை புதைந்தது. இழுத்தெடுக்க அரைநாள் போனது.

அதன்பிறகு எனக்குப் பெயர்ப் பைத்தியம் பிடித்தது. எங்கள் ஊர்ப்பெயர்களில் வரும் மடு, தாழ்வு என்ற பள்ளங்களுக்கும் திடல், பிட்டி என்ற மேடுகளுக்கும் சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கு விளக்கம் சொல்வேன். பெரிய பண்டிதர் என்ற நினைப்பு.

யுத்தம் முடியப்போகும் மாதங்கள் அவை. வன்னியில் என் தங்கை, கணவனோடும் இரண்டு பிள்ளைகளோடும் இடம் மாறிக்கொண்டே இருந்தாள். யாருடையதோ போனில் ஒருநாள் கூப்பிட்டாள்.

“அண்ணை, ஆம்பல்மடுவுக்கு வந்திட்டம். இவர் பங்கர் வெட்டுறார்.”

போகிற இடமெல்லாம் முதலில் ஷெல்லுக்குப் பதுங்கும் பங்கர்க் குழிதான். அடுப்பு மூட்டுவது அதற்குப் பிறகு. நான் கத்தினேன்.

“மடுவுக்கை வெட்டாதேங்கோ, தண்ணி ஊறும். அவரை எங்கையாவது மேடு பாக்கச் சொல்லு!”

“மேட்டுக்கு எங்கை அண்ணை போறது...” லைன் அறுந்துவிட்டது.

மறுநாள் டேனிஷ்காரனிடம் சொன்னேன். மடு என்றால் தண்ணீர் நிற்கும் பள்ளம் என்றதும், “அங்கே தோண்ட முடியாதே” என்றான். தோண்ட முடியாது என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதனால் யாருக்கும் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. நாள் முழுக்கத் தண்ணீரை வழிந்தோடச் செய்கிற மெஷினில் இருந்துகொண்டு, ஒரு பங்கர்க் குழியின் தண்ணீரை என்னால் வடிக்க முடியவில்லை. இரவில் போனைத் தலைமாட்டில் வைத்து அழுதேன். அது அடிக்கவேயில்லை.

எல்லாம் முடிந்து சில கிழமைகளுக்குப் பிறகு, முகாமிலிருந்து தங்கை கூப்பிட்டாள்.

“பங்கருக்கை இடுப்பளவு தண்ணி. பிள்ளையளோடை அதுக்கையே இருந்தனான். அதாலை நாங்கள் மூண்டுபேரும் தப்பிட்டம்.”

“அவர்?”

“நீங்கள் சொன்னனீங்களெண்டு, மேடு பாக்கப் போனவர் அண்ணை.”

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “சாப்பிட்டிட்டீங்களோ?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.